எட்டாம் நாளில் என்ன நடக்கிறது?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஆபரேட்டராக இருக்கிறேன். வீடு முதுநகரில். ஒரு வாரம் ஏ ஷிப்ட் (காலை 6 முதல் பகல் 2), அடுத்த வாரம் பி (பகல் 2 முதல் இரவு 10), அதற்கடுத்த வாரம் சி (இரவு 10 முதல் காலை 6). தினமும் அரை மணி நடை, ஒரு மணி நேரம் படிப்பு, வீட்டுக் கணக்கு எழுதுவது ஆகிய மூன்றையும் பழக்கமாக்கிக்கொள்ள நினைக்கிறேன். அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு சேர்ந்து புத்தகங்கள் இரண்டு வருடமாகக் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் எல்லாம் முடியும் என்கிறார்கள். பி ஷிப்ட் வாரத்தில் காலை நேரம் சும்மா இருப்பதால் எப்போதும் அந்த வாரம்தான் தொடங்குவேன். ஐந்து மணிக்கு எழுந்து, பைக்கில் சில்வர் பீச் போய் நடந்து, வந்து படித்து, கணக்கும் எழுதிவிடுவேன். இதுவரை மூன்று முறை ஆரம்பித்தாயிற்று. மூன்று முறையும் எட்டாம் நாள், மிஞ்சிப்போனால் ஒன்பதாம் நாள் நின்றுவிட்டது. “உங்களுக்கு மன உறுதி போதாது” என்கிறாள் மனைவி. கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரை பைக்கில் ஓடி, அங்கே நிறுத்திவிட்டு ஏறவே நேரம் சரியாக இருக்கிறது. இதில் மன உறுதியை எங்கே போய் வளர்ப்பது? 21 நாளைத் தாண்ட ஒரு வழி சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர் முதுநகர்

பதில்:

உங்கள் கடிதத்தில் கேள்வியும் இருக்கிறது, பாதிப் பதிலும் இருக்கிறது. மூன்று முறை தொடங்கியிருக்கிறீர்கள், மூன்று முறையும் பி ஷிப்ட் வாரத்தில். அந்த வாரத்துக்கு ஏழு நாள். எட்டாம் நாள் சி ஷிப்ட். இரவு கண்விழிக்க வேண்டுமே என்று அன்று காலை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கியிருப்பீர்கள். ஒன்பதாம் நாள் காலை ஐந்து மணிக்கோ நீங்கள் பீச்சிலும் இல்லை, படுக்கையிலும் இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு பம்ப் பக்கத்தில் நிற்கிறீர்கள். ஐந்து மணிக்கு எழச் சொல்பவர்கள், ஐந்து மணி வரை தூங்கவே போகாதவருக்கு என்ன யோசனை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

முதலில் உங்கள் வீட்டு வழக்கைத் தீர்த்துவிடுகிறேன். மன உறுதி குறைவுதான் காரணம் என்றால், முதல் முறை மூன்றாம் நாள், அடுத்த முறை பதினோராம் நாள், அதற்கடுத்த முறை ஐந்தாம் நாள் என்று முன்னே பின்னே நின்றிருக்க வேண்டும். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது. ஆலையில் ஒரு பம்ப் ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில் டிரிப் ஆனால், அந்தப் பம்ப்புக்கு உறுதி போதாது என்று எழுதிவைப்பீர்களா? அந்தக் கிழமையில் வேறு என்ன மாறுகிறது என்றுதானே பார்ப்பீர்கள்? அதையே இங்கும் பார்ப்போம்.

அதற்கு முன் 21 நாள் கணக்கை ஓரமாக எடுத்து வைக்க வேண்டும். அந்த எண்ணுக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் உண்டு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்பவர் அமெரிக்காவில் பிளாஸ்டிக் சர்ஜரி செய்த மருத்துவர். மூக்கைத் திருத்திக்கொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகவும், கை கால் இழந்தவர்களுக்கு அந்த உறுப்பு இன்னும் இருப்பது போன்ற உணர்வு அடங்கவும் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்தார். 1960இல் வெளியான ‘சைக்கோ-சைபர்நெடிக்ஸ்’ என்ற தம் புத்தகத்தில் இதை எழுதினார். அவர் சொன்னது தன் முகத்தைத் தானே பழகிக்கொள்வதைப் பற்றி. தினமும் நடக்கப் போவதைப் பற்றி அல்ல. ‘குறைந்தது’ என்றும் சொல்லியிருந்தார். அந்தச் சொல் வரும் வழியில் எங்கோ இறங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் நமக்கு வந்து சேர்ந்தது வெறும் 21.

முறையாக எண்ணிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு புதுக் காரியத்தைத் தேர்ந்துகொண்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், காலைக் காபிக்குப் பிறகு உடற்பயிற்சி, இந்த மாதிரி. அந்தக் காரியம் யோசிக்காமல் தானாக வர எவ்வளவு நாள் ஆகிறது என்று கணக்கிட்டதில், சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று வந்தது; நடுவில் நிற்பவருக்கு 66 நாள். தண்ணீர் குடிப்பது போன்ற சின்ன வேலை சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் வரவில்லை என்பதும் அதில் தெரிந்தது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இதைப் படித்ததும் 21ஐ அடித்துவிட்டு 66 என்று எழுதிக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது எண்ணை அல்ல. ‘மதியச் சாப்பாட்டோடு’, ‘காலைக் காபிக்குப் பிறகு’ என்ற சொற்களை. ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றின் பின்னால்தான் எல்லோரும் புதுக் காரியத்தைக் கட்டினார்கள். ஏன் அப்படி என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், உங்கள் ஆலை போன்ற ஓர் ஆலையின் கண்ட்ரோல் ரூமில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மூத்த ஆபரேட்டர் ஒருவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேர்க் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். “தேர் தெற்கு வீதி திரும்பும்போது…” என்ற இடத்தில் இன்டர்காம் ஒரே ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. அவர் கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்தார். அட்டையில் செருகிய லாக் ஷீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாலைந்து நிமிடத்தில் திரும்பி வந்து, எண்களைக் கட்டத்தில் நிரப்பி, கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, “…பார்த்தா ஒரு கால்லதான் சார் செருப்பு இருக்கு” என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “மணி அடிச்சதும் எழுந்து போனீங்களே, கூப்பிட்டது யாரு?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “எந்த மணி?” என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். மணிக்கொரு தரம் ரீடிங் எடுக்க வேண்டிய நேரத்தில் பாய்லர் பக்கத்திலிருந்து ஒரு மணி கொடுப்பது அங்கே வழக்கமாம்.

அந்தப் பெரியவர் மன உறுதியால் எழுந்து போகவில்லை. மணியைக் கேட்டது அவருடைய காது, எழுந்தது கால். நடுவில் அவர் இல்லவே இல்லை. இப்படி ஒரு செயலைக் கிளப்பிவிடும் அடையாளத்தை உளவியலார் ‘தூண்டுகுறி’ என்கிறார்கள். அது ஒரு ஒலியாகவோ, இடமாகவோ, இப்போதுதான் செய்து முடித்த வேறொரு வேலையாகவோ இருக்கலாம். ஒரே தூண்டுகுறிக்குப் பின்னால் ஒரே செயல் திரும்பத் திரும்ப வந்தால், மூளை இரண்டையும் ஒன்றாக முடிந்துவிடுகிறது. முடிகிற இடம், மூளையின் அடியாழத்தில் இருக்கும் ‘பேசல் கேங்லியா’ என்ற நரம்பணுத் திரள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் எலிகளை வைத்து இதை ஆராய்ந்தவர். எலி ஒரு பாதையைப் புதிதாகப் பழகும்போது அந்தப் பகுதி வழிநெடுக வேலை செய்தது. நன்றாகப் பழகிய பிறகு பாதையின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் சுறுசுறுப்பு காட்டியது, நடுவில் அடங்கிவிட்டது. தொடக்கத்தைத் தட்டிவிட்டால் போதும், மிச்சம் ஒரே கட்டாக ஓடிவிடும்.

நீங்களும் இதில் தேர்ந்தவர்தான். ஆலை கேட்டில் பஞ்ச் வைக்கிறீர்கள், லாக்கரைத் திறக்கிறீர்கள், சேஃப்டி ஷூ, ஹெல்மெட், பிறகு முந்தின ஷிப்ட்டின் லாக் புக். என்றைக்காவது ‘இன்று முதல் ஹெல்மெட் போடுவேன்’ என்று சபதம் எடுத்தீர்களா? 21 நாள் எண்ணினீர்களா? கேட் என்ற இடம் உங்களை ஹெல்மெட் போடவைக்கிறது. இன்னொன்றையும் பாருங்கள்: ஏ ஷிப்ட்டானாலும் சி ஷிப்ட்டானாலும் இந்த வரிசை மாறுவதில்லை. காலை ஆறு மணிக்குப் போட்ட ஹெல்மெட்டை இரவு பத்து மணிக்குப் போட நீங்கள் மறந்ததில்லை. ஷிப்ட் மாறியும் இந்தப் பழக்கம் நிற்கிறது, நடை மட்டும் விழுகிறது. என்ன வித்தியாசம்? ஹெல்மெட்டை கேட்டில் மாட்டியிருக்கிறீர்கள், நடையைக் கடிகார முள்ளில் மாட்டியிருக்கிறீர்கள். ஷிப்ட் மாறும்போது கேட் நகர்வதில்லை, முள் நகர்ந்துவிடுகிறது. எட்டாம் நாளில் நடப்பது இவ்வளவுதான்.

சூழல் மாறினால் பழக்கம் உதிரும் என்பதற்கு ஆய்வும் உண்டு. வெண்டி வுட் என்ற உளவியலாளரும் உடன் ஆய்ந்தவர்களும் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிப்போன மாணவர்களைக் கவனித்து 2005இல் எழுதினார்கள். செய்தித்தாள் படிப்பது, உடற்பயிற்சி, டிவி பார்ப்பது ஆகிய பழக்கங்கள், புது இடத்திலும் பழைய சூழலே வாய்த்தவர்களிடம் தொடர்ந்தன. சூழல் மாறிப்போனவர்களிடம் தளர்ந்தன. அவர்களுக்கு இது சில வருடத்துக்கு ஒரு முறை வருகிற மாற்றம். உங்களுக்கு வாராவாரம் வருகிறது.

உங்கள் நிலைமையில் இரண்டாவதாக ஒரு சிக்கலும் இருக்கிறது. மூளைக்குள், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கிற இடத்துக்குச் சற்று மேலே, ஓர் ‘உடற்கடிகாரம்’ இருக்கிறது. எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடம்புச் சூடு ஏற வேண்டும் என்று ஏறக்குறைய ஒரு நாள் கணக்கில் ஓடுகிற நரம்பணுக் கூட்டம் அது. இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். அதுவும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். ஷிப்ட்டோ ஒரே தாவலில் எட்டு மணி நேரம் நகர்கிறது. கடிகாரம் ஒருவழியாகச் சி ஷிப்ட்டை எட்டிப் பிடிக்கும் நேரத்தில் சி ஷிப்ட் முடிந்துவிடுகிறது.

இதில் நீங்கள் ஓரளவு கொடுத்துவைத்தவர். மனிதனின் உடற்கடிகாரம் இயல்பாகவே 24 மணிக்குச் சில நிமிடம் கூடுதலாக ஓடும். அதனால் சீக்கிரம் படுப்பதைவிடத் தாமதமாகப் படுப்பது நமக்கு எளிது. ஏ, பி, சி என்று முன்னோக்கிச் சுழல்வது இதற்கு ஒத்துப்போகிறது. சி, பி, ஏ என்று பின்னோக்கிச் சுழலும் ஆலைகளில் இன்னும் கஷ்டம். 1982இல் சார்லஸ் சைஸ்லர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உப்பு ஏரிக்கரையில் இருந்த ஒரு கனிம, ரசாயன ஆலையின் தொழிலாளர்களிடம் இதைச் சோதித்து எழுதினார்கள். வாராவாரம் பின்னோக்கிச் சுழன்ற ஷிப்ட்டை முன்னோக்கித் திருப்பி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒரு ஷிப்ட்டில் இருக்கும் காலத்தையும் நீட்டினார்கள். மனநிறைவு, உடல்நிலை, உற்பத்தி எல்லாமே மேம்பட்டன. காலம் நீண்டவர்களுக்கு நன்மை கூடுதலாக இருந்தது. நீட்டிய காலம் எத்தனை நாள் தெரியுமா? 21! நீங்கள் தேடிக்கொண்டிருந்த 21 உண்மையிலேயே ஓர் ஆலையில் பயன்பட்டிருக்கிறது, ஆனால் பழக்கத்துக்கு அல்ல, ஷிப்ட் அட்டவணைக்கு. (இரண்டு மூன்று நாளில் ஷிப்ட்டை மாற்றிவிட்டால் உடற்கடிகாரம் நகரவே முயலாது, அதுதான் நல்லது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த விவாதத்தை ஆலை நிர்வாகத்துக்கு விட்டுவிடுவோம். உங்கள் அட்டவணை உங்கள் கையில் இல்லை.)

அட்டவணைதான் கையில் இல்லை என்றால், எது இருக்கிறது? இதற்கு விடை உங்கள் மாவட்டத்திலேயே கிடைக்கிறது. சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார், ‘நித்திய கரும விதி’ என்று உரைநடையில் ஒரு தினசரி ஒழுங்கு எழுதியிருக்கிறார். சூரியன் உதிக்கும் முன் எழுவதில் தொடங்கி, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று நாள் முழுவதையும் கோத்துக்கொண்டு போகிறது அது. அதில் இரண்டு பிடிமானங்கள் உண்டு. ஒன்று சூரியன், மற்றொன்று வரிசை. ஷிப்ட் வேலை உங்களிடமிருந்து சூரியனை எடுத்துக்கொண்டது. ரசாயன ஆலையின் ரியாக்டரை மாலையில் அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்க முடியாது, அதனால் யாராவது ஒருவர் இரவில் கண்விழித்தே ஆக வேண்டும். ஆனால் வரிசையை உங்களிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. ‘இதற்குப் பின் இது’ என்பது எந்த ஷிப்ட்டிலும் நிற்கும்.

வள்ளலாரே வடலூரில் 1867இல் தொடங்கிய தருமச்சாலையின் அணையா அடுப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை நூற்றாண்டு கடந்து அது எரிவது, ஒரே ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊதுவதால் அல்ல. ஒரு கை விடும்போது இன்னொரு கை விறகு எடுக்கிறது. உங்கள் ஆலையில் ரிலீவர் வந்து லாக் புக்கில் கையெழுத்துப் போடுவதும் இதே முறைதான். பழக்கத்திலும் அதுதான் நடக்க வேண்டும்: பழைய வேலை முடிகிற இடத்தில் புது வேலை சார்ஜ் எடுக்க வேண்டும்.

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதற்கு ஒரு வாய்ப்பாடு கொடுத்தார். ‘தினமும் நடப்பேன்’ என்று முடிவெடுப்பவரைவிட, ‘இன்னது நடந்ததும் இன்ன இடத்தில் இதைச் செய்வேன்’ என்று முடிவெடுப்பவர் அதிகம் செய்து முடிக்கிறார் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் எழுதினார். ஆகவே நீங்கள் தேட வேண்டியது மூன்று ஷிப்ட்டிலும் தவறாமல் வருகிற நிகழ்ச்சிகளை. உங்கள் கடிதத்திலிருந்தும் உங்கள் தொழிலிலிருந்தும் எனக்கு மூன்று கிடைத்தன.

முதலாவது, கம்பெனி பஸ். பஸ் நிற்கும் இடம் வரை பைக்கில் போய் நிறுத்துகிறேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். நடப்பதற்காகப் பைக்கில் சில்வர் பீச் போகிறீர்கள், நடக்க வேண்டிய இடத்துக்கும் பைக்கிலேயே போகிறீர்கள்! பைக்கை வீட்டில் விடுங்கள். பஸ்ஸுக்கு நடந்து போங்கள், இறங்கி நடந்து வாருங்கள். போகப் பதினைந்து, வரப் பதினைந்து நிமிடம் என்றால் உங்கள் அரை மணி அதிலேயே முடிந்துவிடும். ஏ, பி, சி எதுவானாலும் பஸ் உண்டு. பஸ் உள்ள நாளெல்லாம் நடை உண்டு. பி ஷிப்ட் முடிந்து இரவில் இறங்கும்போது தெரு நாய்கள் துணைக்கு வரும். வெளிச்சமுள்ள தெருவாகப் பார்த்து வாருங்கள். சில்வர் பீச்சை வீக் ஆஃப் அன்று மனைவி, பிள்ளைகளோடு போக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, குளியல். ரசாயன ஆலையிலிருந்து வருகிறவர் எந்த நேரத்தில் வந்தாலும் குளிக்காமல் வீட்டில் உட்கார மாட்டார். அதில் கணக்கை மாட்டுங்கள். துண்டு காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி, ஆணியில் நோட்டு, நோட்டில் நூல் கட்டிய பேனா. தலை துவட்டியதும் அன்றைய செலவு இரண்டு வரி. பேனாவைத் தேட வேண்டியிருந்தால் அன்று கணக்கு எழுத மாட்டீர்கள். நீங்கள் ரசாயனத்தோடு வாழ்பவர், இது உங்களுக்குச் சட்டென்று புரியும்: எந்த வினையும் தொடங்க ஒரு தொடக்கச் சக்தி வேண்டும், அதைக் குறைத்துக் கொடுப்பது வினையூக்கி. நீங்கள் ‘கேட்டலிஸ்ட்’ என்று சொல்வதுதான். அந்த நூல் கட்டிய பேனா ஒரு கேட்டலிஸ்ட்.

மூன்றாவது, தூங்கி எழுந்ததும் குடிக்கிற முதல் டீ. ஏ ஷிப்ட்டில் அது விடியுமுன், பி ஷிப்ட்டில் காலை ஏழு, சி ஷிப்ட்டில் பகல் இரண்டு மணிவாக்கில் வரும். நேரம்தான் வேறு, டீ ஒன்றுதான். கிளாஸ் வைக்கிற இடத்தில் புத்தகத்தைத் திறந்து வையுங்கள். பி, சி வாரங்களில் ஒரு மணி நேரம் கிடைக்கும். ஏ வாரத்தில் பஸ் பிடிக்கிற அவசரத்தில் ஒரு பக்கம்தான் ஆகும். ஒரு பக்கமே போதும். அந்த வாரத்தில் நீங்கள் பாடத்தை முடிக்கவில்லை. டீயையும் புத்தகத்தையும் பிரியவிடாமல் காக்கிறீர்கள்.

மூன்றையும் ஒரே நாளில் தொடங்கக் கூடாது. முதல் சுற்றில் நடை மட்டும். அதற்குத் தனியாக நேரமே தேவையில்லை என்பதால் அது முதலில் வரட்டும். அடுத்த சுற்றில் கணக்கு, அதற்கடுத்த சுற்றில் படிப்பு. உங்கள் தேர்வு நெருங்கி வந்தால் கணக்கையும் படிப்பையும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

ஐந்து மணி அலாரத்தை இன்றே அணைத்துவிடுங்கள். பி ஷிப்ட் முடிந்து, வீடு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுக்க நள்ளிரவாகும். ஐந்துக்கு எழுந்தால் தூக்கம் ஐந்து மணி நேரம்தான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கத்தில் இரண்டு மணி நேரத்தைத் திருடி, அதை உழைப்பு என்று கணக்கெழுதியிருக்கிறீர்கள். வால்வு திருப்புகிறவருக்கு அந்தத் திருட்டு ஆபத்தானது.

சி ஷிப்ட் வாரத்துக்குத் தனியாக இரண்டு யோசனைகள். ஒன்று, டீ. உள்ளே போகும் கஃபீனில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். காலை ஏழரைக்குத் தூங்க வேண்டுமானால், இரவு இரண்டு மணிக்கு மேல் டீ வேண்டாம். இரண்டு, வெளிச்சம். ஆறு மணிக்கு ஆலையிலிருந்து கிளம்பும் பஸ் முதுநகரை நோக்கி வடக்கே போகிறது. உப்பனாற்றுக்கு மேலே எழும் வெயில் வலது பக்க ஜன்னலில்தான் அடிக்கும். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால், உடற்கடிகாரம் ‘விடிந்துவிட்டது’ என்று உங்களை எழுப்பிவிடும். இடது பக்கம் உட்காருங்கள், கறுப்புக் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். தூங்கும் அறை ஜன்னலுக்குக் கனமான போர்வையே திரையாகப் போதும்.

ரிலீவர் வராமல் டபுள் டூட்டி பார்க்கிற நாள் வரும். கடலூர்க்காரர்களுக்கு ஓ.டி. என்றால் பழைய நகரமும் உண்டு, ஓவர்டைமும் உண்டு, ஒரு ஓ.டி.யால் இன்னொரு ஓ.டி.க்கு வீடு திரும்ப முடியாத இரவுகள் உங்களுக்கு இருக்கும். அன்று எதுவும் நடக்காது. நடக்க வேண்டாம். ஒரு நாள் விட்டதால் பெரிய நஷ்டம் இல்லை என்று லண்டன் ஆய்வில் தெரிந்ததை நினைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கு நடந்து போங்கள். பழக்கத்தை உடைப்பது விட்டுப்போன ஒரு நாள் அல்ல. ‘விட்டுப்போயிற்று, இனி அடுத்த மாதம் பார்ப்போம்’ என்கிற நினைப்புதான். உங்கள் மூன்று முயற்சிகளும் அங்கேதான் முடிந்தன.

எட்டாம் நாளுக்கு ஒரு நல்ல முகமும் உண்டு. நல்ல பழக்கத்தை உதிர்க்கிற ஷிப்ட் மாற்றம், கெட்ட பழக்கத்தையும் கொஞ்சம் தளர்த்தித்தான் வைக்கிறது. மெயின் கேட் எதிரே டீக்கடையில் பற்றவைப்பதோ, படுத்தபின் ஒரு மணி நேரம் போனைத் தேய்ப்பதோ, எதையாவது விட நினைத்தால் ஷிப்ட் மாறுகிற முதல் நாளில் விடுங்கள். அன்று அதன் பிடி சற்று இளகியிருக்கும்.

கடைசியாக, எத்தனை நாள் ஆகும் என்ற உங்கள் கேள்வி. நாளை எண்ணாதீர்கள், சுற்றை எண்ணுங்கள். ஏ, பி, சி மூன்றும் முடிந்தால் ஒரு சுற்று, அதாவது மூன்று வாரம். நீங்கள் கேட்ட 21 நாள் உங்களுக்குப் பழக்கம் படிகிற காலம் அல்ல, பழக்கம் மூன்று ஷிப்ட்டையும் ஒரு முறை பார்த்துவிட்டு வருகிற காலம். அப்படி மூன்று சுற்று என்றால் 63 நாள். லண்டன்காரர்களின் 66க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. முன்னே பின்னே ஆகலாம், கவலை வேண்டாம்.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இந்த முறை பி ஷிப்ட் வாரத்தில் தொடங்காதீர்கள். காலை நேரம் சும்மா இருக்கிற வாரத்தில் எந்தப் பழக்கமும் நன்றாகத்தான் நடக்கும், அது தாக்குப் பிடிக்குமா என்பது அப்போது தெரியாது. சி ஷிப்ட்டின் முதல் நாள் இரவு, பைக் சாவியை எடுக்காமல் கிளம்புங்கள். சி-யில் நிற்கிறது ஏ-யிலும் நிற்கும், பி-யிலும் நிற்கும். சாவி வீட்டில் தொங்குவதைப் பார்த்து, “மறந்துட்டுப் போறீங்களே?” என்று வீட்டில் கேட்பார்கள். முதல் சுற்றில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். மூன்றாவது சுற்றில் அவர்கள் கேட்கவே மாட்டார்கள்.